மதுபனிச் சுவர்கள்: மிதிலைப் பயணக் குறிப்புகள்

வெள்ளி, பெரம்பூர்

மைசூரிலிருந்து தர்பங்கா போகும் பாக்மதி எக்ஸ்பிரஸ் வாரத்துக்கு ஒரு முறைதான். பெரம்பூரில் அது நிற்கும் கொஞ்ச நேரத்துக்குள் பெட்டி, மூட்டை, பிளாஸ்டிக் வாளி, அட்டைப் பெட்டி பிரிக்காத மிக்ஸி எல்லாவற்றோடும் ஒரு பெரிய கூட்டம் ஏறிவிடுகிறது. பெரும்பாலும் ஊர் திரும்பும் பீகார் தொழிலாளர்கள். சுற்றுலா என்று கிளம்பியவன் அந்தப் பெட்டியில் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.

எதிர் பர்த் பையன் அம்பத்தூரில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறான். தமிழ் சரளமாக வருகிறது. “எங்கண்ணா போறீங்க?” “மதுபனி.” “சொந்தக்காரங்க இருக்காங்களா?” படம் வரைகிறவர்களைப் பார்க்கப் போகிறேன் என்றதும் ஏற இறங்கப் பார்த்தான். “எங்க சித்தி கூட போடுவாங்க. மாசத்துக்கு மூணு நாலு வித்தா அதுவே பெரிசு” என்று சொல்லிவிட்டு மேல் பர்த்துக்கு ஏறிக்கொண்டான்.

மதுபனி ஓவியத்தை நம் ஊர் கைவினைக் கண்காட்சிகளில் எல்லோரும் பார்த்திருப்போம். மதுபனி இருக்கும் வட பீகார்ப் பகுதிக்கு மிதிலை என்று பெயர், அதனால் மிதிலை ஓவியம் என்றும் சொல்வார்கள். இரட்டைக் கோட்டு எல்லை, பெரிய மீன் கண், இடைவெளியே விடாமல் பூவும் இலையும் நிரப்பிய பரப்பு. அதைப் போடுகிறவர்களுக்கு அந்தப் படங்கள் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பயணம். இதே ரயில் பாதையில் எதிர்த்திசையில் வந்த ஒருவரும் மனதில் இருந்தார். அம்ரிதா தாஸ் என்ற இளம் மிதிலை ஓவியர், சென்னையின் தாரா பதிப்பகம் நடத்திய பட்டறைக்காக ரயிலேறி வந்தவர். வழியில் பார்த்த ஓர் ஏழைச் சிறுமியை வரைய ஆரம்பித்தார். அது ஒரு புத்தகமாகவே ஆனது. ராமனும் இல்லை, தாமரையும் இல்லை. ரயிலில் பார்த்த பெண்.

சனி

நாக்பூர் ஆரஞ்சு தவிர எழுத ஒன்றும் இல்லை.

ஞாயிறு, தர்பங்கா வழியாக மதுபனி

சமஸ்திபூர் தாண்டியதும் குளங்கள் தொடங்குகின்றன. ஒவ்வொரு ஊருக்கும் இரண்டு மூன்று. பாதிக் குளங்களை வட்ட வட்டமான முள் இலைகள் மூடியிருக்கின்றன. மக்கானா. நம் கடைகளில் ‘தாமரை விதை’ என்று விற்கிறார்களே, அதுதான். உண்மையில் அது வேறு செடி, முள் அல்லி. இந்தக் குளங்களையும் மீன்களையும் பார்த்த பிறகு, மதுபனிப் படங்களில் ஏன் எங்கு பார்த்தாலும் மீனும் ஆமையும் தாமரையும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

தர்பங்காவில் இறங்கி உள்ளூர் வண்டி பிடித்து மதுபனி. ஸ்டேஷனே ஒரு படக்கூடம்தான். 2017 அக்டோபரில் சுற்றுவட்டார ஓவியர்கள் கூலி வாங்காமல் வந்து இந்தச் சுவர்களை வரைந்து கொடுத்தார்கள். அதற்குமுன் நாட்டிலேயே அழுக்கான ரயில் நிலையங்களில் ஒன்று என்று பெயர் வாங்கிய இடம். இப்போது டிக்கெட் வரிசையில் நிற்கிறவர்கள் சீதா கல்யாணத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. கண்ணாடிச் சட்டத்துக்குள் பார்ப்பதைவிட இப்படிப் பார்ப்பதுதான் முறை. இது பிறந்ததே சுவரில்தானே.

இரவுச் சாப்பாட்டில் மீன் குழம்பு கடுகு அரைத்துவிட்டது, சோறு, கூடவே ‘தில்கோர்’ இலையை மாவில் தோய்த்துப் பொரித்தது. கடித்துப் பார்த்தால் நம் வேலியில் படரும் கோவை இலை! வேலியில் இவ்வளவு நாளாக வீணாகப் போய்க்கொண்டிருக்கிறது.

திங்கள், ஜித்வார்பூர்

மதுபனியிலிருந்து டோட்டோவில் கொஞ்ச நேரம். பேட்டரி ஆட்டோவுக்கு இங்கே டோட்டோ என்றுதான் பெயர். ஊருக்குள் நுழைந்ததுமே ஆளாளுக்குத் திண்ணையில் பாய் விரித்து, தாள் சுருளைப் பிரித்துக் காட்டத் தொடங்கிவிடுகிறார்கள். முதல் அரை மணி நேரம் வியாபாரம். பிறகு தேநீர். அதற்கப்புறம்தான் பேச்சு.

யாரைக் கேட்டாலும் முதல் பதில் ஒன்றுதான்: ஜனக மகாராஜா சீதையின் கல்யாணத்துக்கு ஊரெங்கும் படம் போடச் சொன்னார், அன்று தொடங்கியது. சரி. அது அவர்கள் கதை, அழகான கதை. ஆனால் இந்த ஊரில் நடந்ததாக நிச்சயமாகத் தெரிந்த இரண்டு விஷயங்கள் எனக்கு அதைவிடச் சுவையாகப் படுகின்றன. இரண்டுமே பேரழிவுகள்.

1934 ஜனவரி 15-ஆம் தேதி பீகார் நிலநடுக்கம். மதுபனியில் அதிகாரியாக இருந்த வில்லியம் ஆர்ச்சர் சேதத்தைப் பார்வையிட ஊர் ஊராகப் போனார். வெளிச்சுவர் இடிந்து, வீட்டின் உள்ளறைகள் தெருவுக்குத் திறந்து கிடந்தன. அந்த அறைச் சுவர்களில் வண்ணப் படங்கள். வெளி ஆண்கள் யாரும் அதுவரை பார்க்கக் கூடாத சுவர்கள் அவை. பின்னால் அவர் அவற்றைப் படம் பிடித்தார். 1949-இல் ‘மார்க்’ கலை இதழில் கட்டுரை எழுதினார். க்ளே, மீரோ, பிக்காஸோ என்ற ஐரோப்பிய நவீன ஓவியர்களை நினைவூட்டுவதாக வியந்தார். ஓர் ஐரோப்பியன் பாராட்டினால்தான் நமக்குப் பெருமை என்று இதைச் சொல்லவில்லை. சுவர் விழாமல் இருந்தால் இந்தப் பெண்களின் வேலை இன்னும் எத்தனை காலம் உள்ளேயே இருந்திருக்குமோ என்றுதான் யோசித்தேன்.

அடுத்தது 1966-67 வறட்சி. வயலில் வேலை இல்லை. அகில இந்தியக் கைவினை வாரியத்தில் இருந்த புபுல் ஜயகர், பாஸ்கர் குல்கர்ணி என்ற பம்பாய் ஓவியரை இங்கே அனுப்பினார். சுவரில் போடுவதைத் தாளில் போடுங்கள், விற்றுத் தருகிறோம் என்றார்கள். அதாவது இன்று நாம் வாங்கும் ‘மதுபனி பெயிண்டிங்’ ஒரு பஞ்ச நிவாரணப் பணியாகத் தாளுக்கு வந்தது. ஒரு வயதான அம்மாவிடம் இதைக் கேட்டேன். அவர் மாமியார் காலத்து நிகழ்ச்சி. “தாளில் கோடு போட்டால் பணம் தருகிறார்களாம் என்று முதலில் எல்லாரும் சிரித்தார்களாம்” என்றார். “பணம் வந்த பிறகு யாரும் சிரிக்கவில்லை.”

அந்த முதல் தலைமுறையில் இந்த ஊரின் ஜகதம்பா தேவி 1975-இல் பத்மஸ்ரீ வாங்கினார், சீதா தேவி 1981-இல். சீதா தேவியின் பாணி ‘பர்னி’: கறுப்புக் கோட்டுக்குள் அடர்ந்த வண்ணத்தை நிரப்புவது. காயஸ்தர் வீட்டுப் பெண்களின் பாணி ‘கச்னி’: வண்ணத்தைக் குறைத்து, மெல்லிய கோடுகளை நெருக்கி நெருக்கி இழைப்பது. காயஸ்தர்கள் கணக்கெழுதும் குலம், வீட்டில் பேனாவும் மையும் இருந்தன, அதனால்தான் கோடு அவர்களுக்கு வசமானது என்று இங்கே ஒரு பேச்சு. பிராமணப் பெண்களோ கடவுள்களை வரைந்தார்கள். ஊருக்குள் நடந்தால் தெருவுக்குத் தெரு பாணி மாறுகிறது. சாதியும் தெருவுக்குத் தெரு மாறுகிறது என்பதைச் சேர்த்துச் சொன்னால்தான் அந்த வாக்கியம் முழுசாகும்.

மதியத்துக்கு மேல் பாஸ்வான்கள் இருக்கும் பகுதிக்குப் போனேன். துசாத் என்பது பழைய சாதிப் பெயர், தலித்துகள். எழுபதுகளில் எரிகா மோசர் என்ற ஜெர்மன் மானிடவியலாளர் வந்து இவர்களையும் வரையச் சொன்னபோது எதை வரைவது என்ற கேள்வி எழுந்தது. மேல்சாதி வீடுகளின் கடவுள் படங்கள் இவர்கள் கைக்கு உரியவை அல்ல. சானோ தேவி தன் ஊர்ப் பெண்களின் கைகால்களைப் பார்த்தார். அங்கே பச்சைக் குத்து இருந்தது. நட்டின் எனப்படும் நாடோடிப் பெண்கள் ஊசியால் குத்திவிடும் சின்னச் சின்ன மனிதர்கள், மரம், யானை, பூ வரிசை. அதைத் தாளுக்கு மாற்றினார். ‘கோத்னா’ என்று அந்தப் பாணிக்கே பெயர். கதைக்கு ராமாயணம் தேவைப்படவில்லை. துசாத் மக்களின் வீரத் தெய்வம் ராஜா சல்ஹேஸ் இருந்தார், அவருடைய யானை இருந்தது, அவரைக் காதலித்த பூக்காரப் பெண்கள் இருந்தார்கள். தாளுக்கு முதலில் சாணிக் கரைசல் பூசிக் காயவைக்கிறார்கள்; மண்சுவர் நிறம் வந்துவிடுகிறது. 2024-இல் சாந்தி தேவிக்கும் அவர் கணவர் சிவன் பாஸ்வானுக்கும் சேர்த்து இந்தக் கோத்னாவுக்காகப் பத்மஸ்ரீ கிடைத்தது.

நான் உட்கார்ந்திருந்த வீட்டில் மகளும் தாயும் ஒரே தாளின் இரு முனைகளில் வரைந்துகொண்டிருந்தார்கள். நடுவில் சந்திக்கும்போது வரிசை பிசகாதா என்று கேட்டேன். தாய் நிமிராமலே “பிசகினால் ஒரு மரம் வைப்போம்” என்றார். ராமர் படம் போடுவீர்களா என்றும் கேட்டேன். ஆர்டர் வந்தால் போடுவாராம். சல்ஹேஸுக்கு ஆர்டர் வரக் காத்திருப்பதில்லையாம்.

பௌவா தேவியின் நாகப் பெண்களைப் பற்றியும் எழுத வேண்டும். ஜித்வார்பூர்க்காரர். 1989-இல் பாரீஸ் பொம்பிடு மையத்தில் நடந்த பெரிய உலகக் கண்காட்சியில் இவர் படங்கள் இருந்தன, 2017-இல் பத்மஸ்ரீ. இடுப்புக்கு மேல் பெண், கீழே சுருண்டு சுருண்டு போகும் பாம்பு. பாம்பும் வயலும் ஒன்றாகவே இருக்கும் இந்த நீர்நிலத்தில் நாகக் கதை சொல்லி வளராத பிள்ளை இல்லை.

செவ்வாய், ராண்டி

இன்று விவாக பஞ்சமி. ராமனுக்கும் சீதைக்கும் திருமணம் நடந்த திதி. எல்லைக்கு அப்பால் நேபாளத்து ஜனக்பூரில் பெரும் ஊர்வலம். இங்கே கல்யாண சீசன்தான், ஆனாலும் இந்த நாளில் மட்டும் மிதிலைக்காரர்கள் தங்கள் பெண்ணுக்குக் கல்யாணம் வைப்பதில்லை. காரணம் கேட்டால் “சீதை என்ன சுகப்பட்டாள்?” என்று திருப்பிக் கேட்கிறார்கள். அவள் இவர்களுக்குத் தெய்வம் என்பதற்குமுன் பெற்ற பெண். ராமன் மாப்பிள்ளை, கல்யாணப் பாட்டுகளில் அவனைக் கேலி செய்வதற்குக் கணக்கே இல்லை. ஓவியம் போடும் ஒரு சாச்சியிடம் (சித்தியை இங்கே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்) பேசிக்கொண்டிருந்தபோது கவனித்தேன்: வில் முறிப்பு, மாலை மாற்று, பல்லக்கு என்று கட்டுக்கட்டாக இருந்தது. அதற்குப் பிறகு எதுவும் இல்லை. காட்டுக்கு அனுப்பிய படம் போடமாட்டீர்களா என்றேன். “என் கையால் எதற்கு?” என்றார்.

அவரே அழைத்துப்போய் ஒரு கோஹ்பர் அறையைக் காட்டினார். போன வாரம் கல்யாணம் நடந்த வீடு. புதுமணத் தம்பதி முதல் நான்கு இரவுகள் இருக்கும் அறை. கிழக்குச் சுவரில் ஆளுயரத்துக்குத் தாமரை வட்டங்கள், நடுவே ஊடுருவி நிற்கும் மூங்கில் தண்டு, சுற்றிக் கிளி, ஆமை, மீன், பாம்பு, சூரியன், சந்திரன். தாமரை பெண் வழி, மூங்கில் ஆண் வழி, வம்சம் பெருக வேண்டும் என்பது உட்பொருள். மூலைகளில் ‘நைனா ஜோகின்’, முக்காட்டுக்குள் ஒற்றைக் கண் மட்டும் தெரியும் பெண்கள். கண்ணேறு படாமல் காக்கிறவர்கள். அறைக்கு நடுவே தரையில் அரிசி மாவைக் கரைத்து விரலால் இழுத்த அரிபன். நம் வீட்டு மாக்கோலத்துக்கு உடன்பிறப்பு. இந்தப் படங்கள் விற்பதற்கு இல்லை. அடுத்த வெள்ளையடிப்பில் போய்விடும்.

வண்ணம்? விளக்குக் கரி, மஞ்சள், பலாசம்பூ, வில்வ இலை என்றெல்லாம் கண்காட்சிப் பலகைகளில் படித்திருப்பீர்கள். அந்தச் சுவரில் இருந்தது மதுபனி பஜாரில் வாங்கிய ஃபேப்ரிக் கலர். மூங்கில் குச்சியில் பஞ்சு சுற்றியதும் பக்கத்தில் இருந்தது, நிப் பேனாவும் இருந்தது. இதில் வருத்தப்பட எனக்கு ஒன்றும் இல்லை. கல்யாண வீட்டில் பலாசம்பூ ஊறவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க யாருக்கு நேரம்?

ராண்டி முழுக்க மகாசுந்தரி தேவி, கர்பூரி தேவி, கோதாவரி தத்தா என்று பெரிய பெயர்கள். ஜப்பானின் தோகாமாச்சியில் மிதிலை ஓவியத்துக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. கோதாவரி தத்தா பலமுறை அங்கே போய் மாதக்கணக்கில் தங்கி வரைந்தவர். 2024-இல் காலமானார். ஆனால் நான் ராண்டிக்கு வந்தது துலாரி தேவியின் ஊர் என்பதற்காக.

துலாரி தேவி மல்லா சாதி, மீன் பிடிப்பவர்கள், மக்கானாவுக்குக் குளத்தில் மூழ்குகிறவர்கள். பள்ளிக்கூடம் போனதில்லை. இளம் வயதில் கல்யாணம், குழந்தை இறந்தது, பிறந்த வீட்டுக்குத் திரும்பினார். மகாசுந்தரி தேவியின் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் வேலை. அங்கே படம் வரைவதைப் பார்த்துப் பார்த்து, வீட்டுக்குப் போய் ஈரத் தரையில் குச்சியால் இழுத்துப் பழகினார். கர்பூரி தேவி அவருக்குக் கற்றுக்கொடுத்தார். அவர் வரைந்ததில் மீன்காரர்கள், வலை, குளக்கரை, வயல் வேலை எல்லாம் வந்தன. அவர் வாழ்க்கையை அவரே வரைந்த நூலை வெளியிட்டதும் சென்னை தாரா பதிப்பகம்தான். 2021-இல் பத்மஸ்ரீ. 2025 பிப்ரவரி 1 பட்ஜெட் நாளில், மதுரையில் பிறந்த நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் உடுத்தியிருந்த வெள்ளைச் சேலை துலாரி தேவி வரைந்து கொடுத்தது; அதில் மீன்கள். அந்த பட்ஜெட்டில்தான் பீகாருக்கு மக்கானா வாரியம் அறிவிக்கப்பட்டது. டிவியில் சேலையைப் பற்றி நிறையப் பேசினார்கள், பாத்திரம் தேய்த்த கதையையும் சொன்னார்கள். குளத்தில் இறங்குகிறவர்கள் வீட்டிலிருந்து ஒருவர் குளத்தை வரைவதற்கு இவ்வளவு காலம் ஆனது ஏன் என்று யாரும் கேட்டதாக நினைவில்லை.

புதன், சௌராட், ராஜ்நகர்

காலையில் சௌராட். பழைய காலத்தில் மைதில் பிராமணர்கள் ஆண்டுதோறும் கூடி, பஞ்சிகாரர்கள் வம்சாவளி ஏடு பார்த்துக் கல்யாணம் முடித்த தோப்பு இங்கேதான். இப்போது அதே ஊரில் அரசின் மிதிலை ஓவியக் கல்வி நிறுவனம். வகுப்பில் பையன்களும் இருக்கிறார்கள். வரதட்சணை, வெள்ளம், கைபேசி பார்க்கும் பாட்டி என்று மாணவர்களின் பயிற்சித் தாள்கள். எல்லாமே நன்றாக இருந்தன என்று சொல்லமாட்டேன். சிலது கொள்கை விளக்கச் சுவரொட்டி மாதிரியே இருந்தது. வெள்ளப் படம் ஒன்று மட்டும் விடவில்லை: கூரைமேல் அடுப்பு, அடுப்பைச் சுற்றி ஆடு, தண்ணீருக்குள் வழக்கமான அலங்கார மீன்கள், அவற்றின் கண் எல்லாம் மேலே பார்த்தபடி.

மதியம் ராஜ்நகர். தர்பங்கா அரச குடும்பத்து ராமேஷ்வர் சிங் கட்டிய அரண்மனை. அதே 1934 நடுக்கத்தில் நொறுங்கி, அப்படியே நிற்கிறது. அந்தப் பாதையில் சாலையோர மரங்களில் 2012-இல் சாமி படங்கள் வரைந்தார்கள், யாரும் வெட்டக் கூடாது என்று. சில மரங்களில் பட்டை வளர்ந்து படத்தை விழுங்கியிருக்கிறது.

இன்று சாயங்காலம் முழுக்க கங்கா தேவி நினைப்புதான். ரசீத்பூரில் வாழ்க்கைப்பட்ட காயஸ்தப் பெண். கச்னிக் கோட்டின் உச்சம் என்று நான் அவரைத்தான் சொல்வேன். பிள்ளை இல்லை என்று கணவர் இன்னொரு பெண்ணைக் கட்டிக்கொண்டார். அதே கங்கா தேவி, கருவுறுதல் முதல் கல்யாணம்வரை ஒரு பெண்ணுக்குச் செய்யும் சடங்குகளை வரிசையாக வரைந்தார். 1984-இல் பத்மஸ்ரீ. 1985-இல் வாஷிங்டன் போனார். அங்கே ஏறிப்பார்த்த ரோலர் கோஸ்டரை, அரிபன் கோடு மாதிரி சுழலவிட்டு வரைந்தார். அப்புறம் புற்றுநோய். டெல்லி எய்ம்ஸில் சிகிச்சை. ஆஸ்பத்திரிக் கட்டில், மருத்துவர்கள், ஏறும் மருந்து எல்லாவற்றையும் அதே பொறுமையான கோட்டில் தொடர் ஓவியமாக்கினார். கோஹ்பருக்கு வைத்த கையாலேயே வார்டையும் வரைய முடியும் என்று அதற்குமுன் யாருக்கும் தோன்றவில்லை. சிகிச்சைக்கு நடுவே டெல்லி கைவினை அருங்காட்சியகத்தில் ஒரு முழு கோஹ்பர் அறையை வரைந்துவைத்தார். 1991-இல் இறந்தார். 2015-இல் புதுப்பிக்கும் வேலையில் அந்தச் சுவர்கள் அழிந்தன. கிராமத்துக் கோஹ்பர் வெள்ளையடிப்பில் போவது வழக்கம். அடுத்த கல்யாணத்துக்கு வரைய ஆள் இருக்கிறது. அந்த அறைக்கு அப்படி ஆள் இல்லை. அதை இதனோடு சேர்த்து ‘நாட்டார் கலை நிலையற்றது’ என்று யாராவது தத்துவம் பேசினால் எனக்குக் கோபம்தான் வரும்.

வியாழன், மறுபடி ஜித்வார்பூர்

வாங்குவதற்காகவே போனேன். வர நினைக்கிறவர்களுக்கு: வீட்டில் உட்கார்ந்து, வரைகிறவர் கையில் பணம் கொடுத்து வாங்குங்கள். தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். நிப் அழுத்திய தடம் தெரியும், அச்சில் அது இருக்காது. ஓவியர் தன் பெயரை எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். மொத்த வியாபாரிகள் சிலர் பெயர் போட வேண்டாம் என்பார்களாம்.

திங்கட்கிழமை பார்த்த தாய், மகளின் வீட்டிலேயே சல்ஹேஸ் படம் ஒன்று எடுத்தேன். சாணிப் பூச்சுத் தாள், ஒன்பது வரிசை, நடுவில் இரண்டு மரம். யார் பெயரைப் போடுவது என்று இருவருக்கும் சின்ன வாக்குவாதம். கடைசியில் இரண்டு பெயரும் வந்தது. மகளின் பெயர் முதலில், ஏனென்றால் தாய்க்கு எழுத்தைக் கூட்டி எழுத நேரமாகும், என் வண்டிக்கு நேரமாகிறது. வீட்டுக்காரர் பக்கத்துக் கடையிலிருந்து பிவிசி குழாய் ஒன்றை அளவுக்கு அறுத்து வந்து, படத்தைச் சுருட்டி உள்ளே விட்டு, இரண்டு முனையிலும் பாலித்தீன் கட்டினார். குழாய்க்கு நாற்பது ரூபாய் தனி.

நாளை ஜெயநகர் வழியாக ஜனக்பூர். நேபாள எல்லை ரயில் ஓடுகிறதா என்று காலையில் விசாரிக்க வேண்டும்.